பட்டமும் சான்றிதழும் இல்லாமல் கணினி சப்போர்ட் வேலைக்குப் போக முடியுமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். பள்ளிப்படிப்புக்குப் பிறகு கல்லூரிக்குப் போகவில்லை. பத்து ஆண்டுகளாக உறவினர்கள், நண்பர்கள், தெரிந்தவர்களின் அலுவலகங்கள் என்று பலருடைய கணினிகளையும் பார்த்துக் கொடுத்து வருகிறீர்கள். நாற்பது இடங்களுக்கு மேல் விண்ணப்பித்தும் ஓர் அழைப்புகூட வரவில்லை. ஆகவே எந்தக் கோர்ஸ் முடித்தால் வேலை கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். வாய்விட்டுக் கேட்டது கோர்ஸைப் பற்றித்தான். ஆனால் கேள்வியின் அடியில் இருப்பது, எனக்கு வேலை தெரியும் என்பதை என்னைப் பார்த்தே இராத ஒருவர் நம்பும்படி எப்படிக் காட்டுவது என்னும் கேள்வி என்றே எனக்குப் படுகிறது. அதற்குத்தான் பதில் எழுதப் போகிறேன். கோர்ஸைப் பற்றியும் இடையில் சொல்கிறேன். உங்கள் கேள்வியின் நடுவே, தெரிந்தவர் ஒருவரின் அலுவலகத்தில் திங்கட்கிழமை தோறும் வேலை செய்யாமல் போன பிரின்டர் ஒன்றைச் சரிசெய்ததாகப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பத்து ஆண்டு அனுபவத்தைப் பற்றிய மற்ற எல்லா வரிகளையும்விட அந்த ஒரு வரிதான் என்னை நிறுத்திப் படிக்க வைத்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் என் பேச்சை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் ஹெல்ப் டெஸ்கில், அதாவது ஊழியர்களின் கணினிக் கோளாறுகளைக் கேட்டுத் தீர்க்கும் பிரிவில், தொலைபேசி எடுப்பவனாகத் தொடங்கி, பிறகு அதே நாற்காலிக்கு ஆள் எடுப்பவனாகப் பல ஆண்டுகள் இருந்தவன். என் அனுபவம் முழுவதும் சில நூறு பேர் பணிபுரியும் அலுவலகங்களிலும், பல சிறு அலுவலகங்களுக்குச் சேர்த்து ஐடி வேலை செய்து கொடுக்கும் நிறுவனம் ஒன்றிலும் கிடைத்தது. அரசுத் துறைகளும் பெரிய வங்கிகளும் ஆள் எடுக்கும் முறையை உள்ளிருந்து பார்த்தவனில்லை; அங்கே கல்வித் தகுதி பெரும்பாலும் எழுத்தில் இருக்கும் விதி, அதை எளிதில் தளர்த்த முடியாது. எனவே நான் சொல்பவற்றை மற்ற இடங்களுக்கு மட்டும் பொருத்திப் பாருங்கள்.

ஐயமின்றிச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு: முதல் நிலை சப்போர்ட் வேலையைச் செய்வதற்குப் பட்டம் தேவையில்லை. கடவுச்சொல்லை மாற்றிக் கொடுப்பது, பிரின்டரைச் சேர்ப்பது, புதிய ஊழியருக்கு மடிக்கணினி தயார் செய்வது, மின்னஞ்சல் வரவில்லை என்பவருக்குக் காரணம் கண்டுபிடிப்பது ஆகியவற்றைப் பட்டப்படிப்புகளில் பெரும்பாலும் தனிப் பாடமாகக் கற்றுத் தருவதில்லை. அதே உறுதியுடன் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: வேலைக்குத் தேவையில்லாத பட்டம், விண்ணப்பங்களை வடிகட்டுவதற்குத் தேவைப்படுகிறது. ஓர் இடத்துக்கு முந்நூறு விண்ணப்பங்கள் வந்து விழும்போது, அவற்றை முப்பதாகக் குறைக்க வேண்டியவருக்குக் கணினியைப் பற்றி எதுவும் தெரிந்திருக்காது. பட்டம் உண்டா இல்லையா என்பது அவர் கைக்கு எட்டும் எளிய சல்லடை. உங்கள் நாற்பது விண்ணப்பங்களில் எத்தனை இந்தச் சல்லடையில் நின்றுபோயின, எத்தனை வேறு காரணங்களால் நின்றுபோயின என்பதை என்னால் கணிக்க முடியாது. ஆனால் நீங்கள் பதிந்திருக்கும் தன்விவரத்தில் 'ஹார்டுவேர், சாஃப்ட்வேர், நெட்வொர்க் எல்லாம் தெரியும்' என்று இருக்கிறது. சல்லடையைத் தாண்டி என் மேசைக்கு அது வந்திருந்தாலும் நான் அழைத்திருக்க மாட்டேன். எல்லாம் தெரியும் என்று எழுதியவர்கள் அன்றைக்கே இருபது பேர் இருந்திருப்பார்கள்.

வீட்டுக் கணினியைச் சரிசெய்வதும் அலுவலக சப்போர்ட்டும் ஒன்று போலத் தோன்றினாலும், இரண்டிலும் எதைத் தோல்வி என்கிறோம் என்பது வேறு. வீட்டில் ஒரு கணினி மந்தமானால், கோப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு ஃபார்மேட் செய்து விண்டோஸை மீண்டும் போட்டுக் கொடுத்துவிடலாம். அரை நாள் ஆனாலும் தேநீர் கொடுத்து நன்றி சொல்வார்கள். அலுவலகத்தில் அதே செயலுக்கு நான்கு கேள்விகள் வரும். அந்த அரை நாள் அந்த ஊழியர் எதில் வேலை செய்தார்? வட்டு பூட்டப்பட்டிருந்ததே, அதைத் திறக்கும் மீட்பு எண் யாரிடம் இருந்தது? இதே கோளாறு பக்கத்து மேசையிலும் இருக்கிறதா? நாளை நீங்கள் விடுப்பில் இருக்கும்போது மறுபடி வந்தால், என்ன செய்யப்பட்டது என்று அடுத்தவருக்கு எப்படித் தெரியும்? வீட்டில் பழகியவர்கள் திறமை குறைந்தவர்கள் என்று நான் நினைத்ததில்லை. அவர்கள் தனியாகவே பழகியவர்கள் என்பதுதான் ஆள் எடுப்பவரின் கவலை.

நேர்காணலில் நான் எல்லோரிடமும் கேட்ட கேள்வி ஒன்றைச் சொல்கிறேன். 'ஒருவர் அழைத்து இன்டர்நெட் வரவில்லை என்கிறார், என்ன செய்வீர்கள்?' பாதிப் பேர் உடனே ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வேன் என்பார்கள். நான் எடுத்துக்கொண்டவர்களில் பெரும்பாலோர் பதில் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்டவர்கள்: அவருக்கு மட்டுமா, எல்லோருக்குமா? எந்த இணையப் பக்கமும் வரவில்லையா, ஒன்று மட்டும் வரவில்லையா? நேற்று வந்ததா? அதற்குப் பிறகுதான் கணினி. அதன் ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதற்குரிய எண், 169.254 என்று தொடங்கினால், முகவரி தர வேண்டிய டிஹெச்சிபி சர்வரிடமிருந்து பதில் வராமல் கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். அப்போது பார்க்க வேண்டியது கேபிள், வைஃபை, ஸ்விட்ச். முகவரி ஒழுங்காக இருந்து, கூகுள் சர்வர் ஒன்றின் 8.8.8.8 என்ற எண்ணுக்கு பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் சிறு சோதனை) போய்ப் பதிலும் வந்து, ஆனால் பெயரைத் தட்டினால் மட்டும் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால், கோளாறு பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் பக்கம் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் நம் பக்கத்துக் கோளாறே இல்லை. இதில் எதுவும் ஆழமான அறிவு இல்லை, ஒரு வார இறுதியில் கற்றுக்கொள்ளலாம். ஒவ்வோர் அடியிலும் சாத்தியங்களைப் பாதியாக வெட்டிக்கொண்டே போகும் பழக்கத்தைத்தான் நான் தேடினேன். பதிலின் முடிவைவிட, விண்ணப்பித்தவர் அதை உரக்க யோசித்துக்காட்டும் விதத்துக்கே மதிப்பெண் கொடுத்தேன்.

எனக்கு அந்தப் பழக்கம் பிறவியில் வந்ததன்று. வேலையில் சேர்ந்த இரண்டாம் வாரம், கணக்குப் பிரிவில் ஓர் அம்மா கடவுச்சொல்லை மாற்றிய நாளிலிருந்து தினமும் இரண்டு மூன்று முறை அழைத்து, கணக்கு லாக் ஆகிவிட்டது என்றார்கள். நானும் ஒவ்வொரு முறையும் மரியாதையாகத் திறந்து கொடுத்து, டிக்கெட்டை (ஒவ்வொரு புகாருக்கும் திறக்கப்படும் பதிவு) மூடி, ஒரு நாளில் எத்தனை டிக்கெட் மூடினேன் என்ற எண்ணிக்கையில் மகிழ்ந்துகொண்டிருந்தேன். நான்காம் நாள் என் மூத்தவர் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, 'தம்பி, கதவைத் திறந்துகொண்டே இருக்கிறீர்களே, பூட்டுவது யார் என்று பார்த்தீர்களா?' என்று கேட்டார். அலுவலகக் கணக்குகளைச் சரிபார்க்கும் சர்வரான டோமைன் கன்ட்ரோலரில், கணக்கு பூட்டப்படும் ஒவ்வொரு முறையும் 4740 என்ற எண்ணில் ஒரு நிகழ்வு பதிவாகும். எந்தக் கணினியிலிருந்து தவறான முயற்சிகள் வந்தன என்பதும் அதில் இருக்கும். அந்த இடத்தில் அவர்களுடைய மேசைக் கணினியின் பெயருக்குப் பதிலாக எங்கள் மின்னஞ்சல் சர்வரின் பெயர் இருந்தது. அப்படியென்றால் வேறேதோ ஒரு கருவி பழைய கடவுச்சொல்லைக் கொண்டு மின்னஞ்சல் எடுக்க முயன்றுகொண்டே இருக்கிறது. 'பழைய ஃபோன் ஏதாவது வைத்திருக்கிறீர்களா?' என்று கேட்டேன். மேசை இழுப்பறையைத் திறந்தார்கள். பேரன் விளையாடுவதற்காகச் சார்ஜில் போட்டு வைத்திருந்த பழைய ஃபோன் அங்கே கிடந்தது. அதிலிருந்த மின்னஞ்சல் கணக்கை நீக்கியதும் அழைப்புகள் நின்றன.

சேவை மேலாண்மைக்கு ஐடில் என்றொரு நெறித்தொகுப்பு உண்டு; 1980களில் பிரிட்டன் அரசு நிறுவனம் ஒன்றில் உருவானது, இன்று பல ஹெல்ப் டெஸ்க்குகளின் சொல்வழக்கு அதிலிருந்துதான் வருகிறது. வேலை தடைபட்ட நிகழ்வை அது 'இன்சிடென்ட்' என்றும், அத்தகைய நிகழ்வுகளுக்கு அடியில் இருக்கும் காரணத்தைப் 'பிராப்ளம்' என்றும் பிரிக்கிறது. நான் பத்து இன்சிடென்டுகளை மூடினேன்; பிராப்ளத்தைப் பார்க்கவே இல்லை. உங்கள் பிரின்டர் வரி என்னை ஏன் நிறுத்தியது என்பது இப்போது புரிந்திருக்கும். திங்கட்கிழமை தோறும் என்று கவனித்தவர், அன்றைய கோளாறை மட்டும் பார்த்துவிட்டுப் போகவில்லை.

ஆகவே, கோர்ஸுக்குப் பணம் கட்டுவதற்கு முன் நான் உங்களைச் செய்யச் சொல்வது எழுத்து வேலை. பத்து ஆண்டுகளில் செய்தவற்றில் நினைவிருக்கும் பத்துப் பன்னிரண்டு கோளாறுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் அரைப் பக்கத்தில் எழுதுங்கள். பயனர் தம் சொற்களில் சொன்னது என்ன, நீங்கள் நேரில் கண்டது என்ன, முதலில் எதை ஐயப்பட்டீர்கள், அது இல்லை என்று எப்படித் தெரிந்துகொண்டீர்கள், இறுதியில் காரணம் என்ன, செய்தது என்ன, மறுபடி வந்ததா. தவறாக ஐயப்பட்ட இடங்களை மறைக்காதீர்கள். படிப்பவர் அதைத்தான் தேடுவார். யாருடைய பெயரும், கடவுச்சொல்லும், ஸ்கிரீன்ஷாட்டில் தெரியும் தனிப்பட்ட கோப்புகளும் அதில் இருக்கக் கூடாது. இவற்றைச் சேர்த்து வைத்தால், ஹெல்ப் டெஸ்கில் ஒவ்வொரு நாளும் எழுதப்படும் டிக்கெட் குறிப்புகளை உங்களால் எழுத முடியும் என்பதற்கு அதுவே சான்று. சப்போர்ட் வேலையில் பாதி எழுத்துதான் என்பதை வெளியிலிருப்பவர்கள் பெரும்பாலும் அறிவதில்லை. இதைப் படித்துப் பார்த்துத்தான் எல்லோரும் ஆள் எடுப்பார்கள் என்று நான் உறுதி கூற மாட்டேன். பலர் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் எழுதியவர் நேர்காணலில் தடுமாறுவதில்லை. 'நீங்கள் தீர்த்த கடினமான கோளாறு ஒன்றைச் சொல்லுங்கள்' என்று கேட்டால் அவரிடம் பன்னிரண்டு இருக்கின்றன.

அடுத்தது, வீட்டில் கிடைக்காத அனுபவத்தை வீட்டிலேயே செயற்கையாக உண்டாக்கிக்கொள்வது. தனிப்பட்டவர்களின் கணினிகளை மட்டும் பார்த்தவருக்கு, ஊழியர்களின் கணக்குகளையும் உரிமைகளையும் ஓரிடத்தில் வைத்து நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி தெரிந்திருக்க வாய்ப்பில்லை. விண்டோஸ் அடிப்படையிலான அலுவலகங்கள் பலவற்றிலோ அது இல்லாமல் நாள் ஓடாது. ஒரு கணினிக்குள்ளேயே வேறு கணினிகளை ஓட்ட உதவும் வர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருள் இலவசம். விண்டோஸ் சர்வரின் மதிப்பீட்டுப் பதிப்பை மைக்ரோசாஃப்ட் 180 நாட்களுக்கும், விண்டோஸ் என்டர்பிரைஸ் மதிப்பீட்டுப் பதிப்பை 90 நாட்களுக்கும் பணமின்றித் தருகிறது. எட்டு ஜிபி ராம் உள்ள கணினியில் திணறலோடும், பதினாறு ஜிபியில் நிம்மதியாகவும், ஒரு சர்வரையும் அதோடு இணையும் ஊழியர் கணினி போன்ற ஒரு கிளையன்டையும் ஒருங்கே ஓட்டலாம். ஒரு டோமைன் (ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கப்படும் கணக்குகள், கணினிகளின் தொகுதி) அமைத்து, பத்துப் பயனர்களை உருவாக்கி, இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு பொதுக் கோப்புறையை ஒரு குழு மட்டும் திறக்கும்படி செய்யுங்கள். பிறகு, முக்கியமாக, அதைக் கெடுங்கள். கிளையன்டின் டிஎன்எஸ் முகவரியை டோமைன் கன்ட்ரோலருக்குப் பதிலாக 8.8.8.8 என்று மாற்றிவிட்டு டோமைனில் சேர்க்க முயன்று பாருங்கள். டோமைன் கன்ட்ரோலரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்ற செய்தி வரும். அந்தச் செய்தியை வேலையில் பல முறை பார்ப்பீர்கள், பெரும்பாலும் காரணமும் அதுவாகவே இருக்கும். ஓஎஸ்டிக்கெட் அல்லது ஜிஎல்பிஐ போன்ற இலவச டிக்கெட் மென்பொருள் ஒன்றையும் நிறுவி, நீங்களே கெடுத்தவற்றுக்கு நீங்களே டிக்கெட் எழுதி மூடிப் பாருங்கள். விளையாட்டுப் போலத் தோன்றினாலும் கை பழகும். தன்விவரத்தில் இதைப் பணி அனுபவம் என்ற தலைப்பில் போடாமல், வீட்டு ஆய்வகம் என்று தனியாக எழுதுங்கள். இரண்டையும் கலப்பவர்கள் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார்கள்.

இப்போது கோர்ஸ். பட்டமில்லாதவருக்குச் சல்லடையைத் தாண்ட ஒரு சான்றிதழ் உதவலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒன்றுக்கு மேல் உதவும் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்த வேலைக்கென்றே உள்ளவற்றில் நெடுங்காலமாக அறியப்பட்டது, கம்ப்டியா என்ற ஐடி அமைப்பு தரும் ஏ பிளஸ். 1993 முதல் இருக்கிறது. இரண்டு தேர்வுகள். முதலாவது ஹார்டுவேர், நெட்வொர்க், மொபைல் கருவிகள். இரண்டாவது இயங்குதளம், பாதுகாப்பு, பணி நடைமுறை. ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்விகள். 900 என்ற அளவுகோலில் முதலாவதில் 675, இரண்டாவதில் 700 எடுக்க வேண்டும். சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். 2025 மார்ச்சில் 220-1201, 220-1202 என்ற புதிய தேர்வுகள் வந்துவிட்டதால், பழைய பதிப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வகுப்பெடுக்கும் பயிற்சி நிலையங்களிடம் முதலில் தேர்வு எண்ணைக் கேளுங்கள். இதற்கு இரண்டு தேர்வுக் கட்டணங்கள் உண்டு. கடன் வாங்கிக் கட்டும் அளவுக்கு இது உறுதியான முதலீடு என்று நான் சொல்ல மாட்டேன். குறைந்த செலவில் தொடங்க விரும்பினால், கூகுள் 2018இல் கோர்செரா என்ற இணையக் கல்வித் தளம் வழியாக வெளியிட்ட ஐடி சப்போர்ட் சான்றிதழ் இருக்கிறது. ஆள் எடுப்பவரிடம் ஏ பிளஸ் அளவுக்கு எடை இல்லாவிட்டாலும், சிதறிக் கிடக்கும் அறிவை ஒழுங்குபடுத்திக்கொள்ள நல்லது. சிஸ்கோ நிறுவனம் தரும் சிசிஎன்ஏ சான்றிதழ் நெட்வொர்க் துறைக்குரியது. அதை முதல் படியாக எடுத்து, முடிக்காமல் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உண்மைக் கேள்விகளை அப்படியே தருகிறோம் என்று 'டம்ப்' விற்பவர்களிடம் போகாதீர்கள். பிடிபட்டால் சான்றிதழ் பறிபோகும்; பிடிபடாவிட்டாலும் முதல் வாரத்தில் தெரிந்துவிடும்.

எந்தக் கதவைத் தட்டுவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பெரிய நிறுவனங்களின் இணையப் படிவங்களில்தான் சல்லடை மிக நெருக்கமாக இருக்கிறது, அங்கேதான் எல்லோரும் விண்ணப்பிக்கிறார்கள். சிறு அலுவலகங்கள் பலவற்றுக்கு ஒப்பந்தத்தில் ஐடி பார்க்கும் நிறுவனங்கள், பள்ளிகள், மருத்துவமனைகள், கணினி பழுதுபார்க்கும் கடைகள், தொலைபேசி வழித் தொழில்நுட்ப உதவி மையங்கள் ஆகியவற்றில் விண்ணப்பத்தைப் படிப்பவரும் வேலையைத் தருபவரும் ஒருவராகவே இருக்க வாய்ப்பு அதிகம். சில மாதங்களுக்கு மட்டும் ஆள் எடுக்கும் கணினி மாற்றுத் திட்டங்களையும் இளக்காரமாக நினைக்காதீர்கள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததால் பழைய கணினிகளை மொத்தமாக மாற்றும் வேலைகள் பல இடங்களில் நடக்கின்றன. பழையதை எடுப்பது, புதியதை வைப்பது, கோப்புகள் வந்துவிட்டனவா என்று பயனரோடு உட்கார்ந்து பார்ப்பது என அலுப்பான வேலைதான். ஆனால் மூன்று மாத முடிவில் உங்கள் தன்விவரத்தில் அலுவலக அனுபவம் என்று உண்மையாகவே ஒரு வரி இருக்கும். தேடும்போது ஹெல்ப் டெஸ்க் என்று மட்டும் தேடாமல் சர்வீஸ் டெஸ்க் அனலிஸ்ட், டெஸ்க்டாப் சப்போர்ட், ஐடி டெக்னீஷியன், ஃபீல்ட் இன்ஜினியர் என்றும் தேடுங்கள். ஒரே வேலை பல பெயர்களில் ஒளிந்திருக்கும்.

இவை எல்லாவற்றையும்விட நம்பகமானதாக நான் கண்ட வழி ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் விளம்பரம் செய்வதில்லை. ஏதேனும் ஓர் அலுவலகத்தில் வேறு வேலையில் சேர்ந்து, அங்கே கணினிக் கோளாறு என்றால் எல்லோரும் கூப்பிடும் ஆளாகிவிடுவது. நான் பணிபுரிந்த ஓர் இடத்தில் கிடங்கில் சரக்குப் பதிவு செய்துகொண்டிருந்த ஒருவர், பார்கோடு ஸ்கேனர் நின்றுபோகும்போதெல்லாம் எங்களை அழைப்பதற்கு முன்பே என்னென்ன முயன்றார் என்பதை வரிசையாக எழுதி அனுப்புவார். எங்கள் குழுவில் இடம் காலியானபோது விளம்பரம் கொடுக்கவே இல்லை. அவருடைய கல்வித் தகுதியை யாரும் கேட்டதாகவும் நினைவில்லை. மனிதவளத் துறை படிவத்தை நிரப்பும்போதுதான் பள்ளிப்படிப்பு என்று தெரிந்தது. உங்களுக்கு இப்போதே ஒரு வேலை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே ஐடி பார்ப்பவர் யார் என்பதைத் தெரிந்துகொண்டு, அவர் வேலையை எளிதாக்கும் ஒருவராக மாறுவதிலிருந்து தொடங்கலாம்.

படிவத்தில் பட்டம் கட்டாயம் என்றிருந்தால் பொய் எழுதாதீர்கள். அறிவுரைக்காகச் சொல்லவில்லை, நிர்வாகி உரிமையோடு எல்லோருடைய கோப்புகளையும் திறக்கும் வாய்ப்புள்ள வேலைக்கு ஆள் எடுக்கும்போது சரிபார்ப்பு நடக்கும், பொய் வெளிப்பட்டால் அந்த இடத்தோடு கதை முடிந்துவிடாது. பட்டம் 'விரும்பத்தக்கது' என்றோ 'அல்லது அதற்கு இணையான அனுபவம்' என்றோ இருந்தால் தயங்காமல் விண்ணப்பியுங்கள். நேர்காணலில் நம்பகத்தன்மையைச் சோதிக்கும் கேள்வி ஒன்று ஏறக்குறைய எப்போதும் வரும்: நிறுவனத் தலைவர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் அவசரமாக அழைத்து, விமான நிலையத்தில் இருக்கிறேன், கடவுச்சொல்லை உடனே மாற்றிக் கொடுங்கள் என்று அதட்டுகிறார். பயந்து மாற்றிக் கொடுப்பேன் என்பவரும் தவறு, முடியாது என்று வைத்துவிடுவேன் என்பவரும் தவறு. பணிவாகப் பேசிக்கொண்டே, ஏற்கெனவே பதிவிலுள்ள எண்ணுக்குத் திரும்ப அழைத்தோ, நிறுவனம் வகுத்த வேறு முறையிலோ அவர்தானா என்று உறுதிசெய்துகொண்ட பிறகே மாற்றுவேன் என்பது விடை. அவர் உண்மையிலேயே தலைவராக இருந்து கோபித்துக்கொண்டாலும் மேலாளர் உங்கள் பக்கம் நிற்பார். நிற்காத இடத்தில் வேலை கிடைக்காததே மேல்.

தகுதிச் சான்று இல்லாதவர்களைக் குறிவைத்துக் காத்திருக்கும் இரண்டு பொறிகளைச் சொல்லாமல் விட முடியாது. வேலை உறுதி, பயிற்சிக் கட்டணம் அல்லது வைப்புத் தொகை மட்டும் முன்பணமாகக் கட்டுங்கள் என்பது பழையது, பலருக்குத் தெரியும். மற்றது அதைவிட மோசம். 'டெக் சப்போர்ட், அனுபவம் தேவையில்லை, உடனே சேரலாம், ஊக்கத்தொகை உண்டு' என்று அழைத்து, திரையில் வைரஸ் எச்சரிக்கையைக் கண்டு மிரண்டு அழைப்பவர்களிடம் பணம் பறிக்கும் போலி மையங்களில் உட்கார வைப்பது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, எல்லாக் கணினிகளிலும் இயல்பாக இருக்கும் சிவப்புக் குறிகளைக் காட்டி இதுதான் வைரஸ் என்று சொல்லச் சொன்னாலோ, கட்டணத்தைக் கிஃப்ட் கார்டாக வாங்கச் சொன்னாலோ, அன்றைக்கே வெளியே வந்துவிடுங்கள். மைக்ரோசாஃப்டின் உண்மையான பிழைச் செய்திகளில் தொலைபேசி எண் இருப்பதில்லை என்று அந்த நிறுவனமே சொல்கிறது. அப்படியொரு எண்ணுக்கு வரும் அழைப்பை எடுப்பவர்களாக நீங்கள் இருந்தால், நீங்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பது தெளிவு. அங்கே இருந்த மாதங்களை அனுபவம் என்று எந்த நல்ல இடத்திலும் காட்ட முடியாது. சட்டத்தின் பிடியும் தனி.

இந்த வேலை எத்தனை நாள் நிலைக்கும் என்றும் கேட்டிருந்தீர்கள். இதில் என் பதில் கருத்து மட்டுமே. கடவுச்சொல்லைப் பயனர்களே மாற்றிக்கொள்ளும் வசதியும், முதல் கேள்விகளுக்குத் தானாகப் பதில் சொல்லும் மென்பொருளும் வந்து, முதல் நிலை அழைப்புகளில் எளிதானவற்றை எடுத்துக்கொண்டு வருகின்றன. மீதமாவது, எழுந்து போய்ப் பார்க்க வேண்டியதும், எரிச்சலில் இருக்கும் ஒருவரோடு பொறுமையாகப் பேசிக் காரணம் தேட வேண்டியதும். ஆகவே பாஸ்வேர்டு ரீசெட்டிலேயே காலத்தை ஓட்டிவிடலாம் என்று வருபவருக்கு இடம் சுருங்கும் என்று நினைக்கிறேன். தொடக்க ஊதியம் குறைவு, பல இடங்களில் இரவு ஷிஃப்ட் உண்டு. ஒன்றரை இரண்டு ஆண்டுகளுக்குள் அடுத்த நிலைக்கோ அடுத்த நிறுவனத்துக்கோ நகரத் திட்டமிட்டுக்கொள்ளுங்கள். வயது இருபத்தொன்பது என்று தயங்கியிருக்கிறீர்கள். மிரண்டு அழைப்பவரிடம் பேசத் தெரிந்த இருபத்தொன்பது வயதுக்காரரை நான் இளையவர்களைவிட விரும்பியே எடுத்திருக்கிறேன்.

இனி அந்தப் பிரின்டர். காரணம் என்னவாக இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை; என் ஊகம் சரியென்றால், முதல் குறிப்பை ஏறக்குறைய இப்படி எழுதலாம். பயனர் சொன்னது: திங்கட்கிழமை காலை யார் பிரின்ட் கொடுத்தாலும் வருவதில்லை, யாராவது வந்து பிரின்டரை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தால் வாரம் முழுவதும் வரும். கண்டது: பிரின்டர் ஓடுகிறது, தனது சோதனைப் பக்கத்தை அச்சிடுகிறது, கணினிகள் எல்லாவற்றிலும் ஆஃப்லைன் என்று காட்டுகிறது. முதல் ஐயம்: பிரின்டரை இயக்கும் டிரைவர் மென்பொருள். ஒரு கணினியில் மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. எல்லாக் கணினிகளிலும் ஒரே நேரத்தில் வருவதால் அது காரணமாக இருக்க முடியாது என்று முன்பே எண்ணியிருக்க வேண்டும். அடுத்து பிரின்டரின் ஐபி எண்ணைப் பார்த்தேன். கணினிகளில் பதிந்திருந்த எண்ணிலிருந்து வேறுபட்டிருந்தது. காரணம்: சனிக்கிழமை மாலை பூட்டிவிட்டுப் போகும்போது மெயினை அணைப்பதால் ரவுட்டரும் அணைகிறது, முன்பு யாருக்கு எந்த எண்ணைத் தந்தோம் என்ற பட்டியல் அதற்கு மறந்துபோகிறது, திங்கட்கிழமை பிரின்டருக்கு முன்பே ஒரு ஃபோன் இணைந்து அதன் எண்ணை வாங்கிக்கொள்கிறது. செய்தது: ரவுட்டரில் பிரின்டரின் மேக் முகவரிக்கு (கருவியோடு வரும் அடையாள எண்) ஒரே ஐபி எண் நிலையாகக் கிடைக்கும்படி ஒதுக்கினேன், கணினிகளில் அந்த எண்ணையே பதிந்தேன். பின்னர்: அடுத்த மூன்று திங்கட்கிழமைகள் காலை தொலைபேசியில் கேட்டேன், கோளாறு வரவில்லை. எண்ணை ஒரு சீட்டில் எழுதிப் பிரின்டரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறேன்.